வாசிக்கத் திணறும் பிள்ளைகள்: வீட்டிலும் வகுப்பிலும் நடக்கும் தவறுகள்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் முன்னால் உட்கார்ந்து பாடத்தை மளமளவென்று வாசித்தான். பக்கத்தில் அவன் அம்மாவுக்கு ஒரே பெருமை. நான் அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது, விரல் முதல் வரியிலேயே நின்றது. ‘கொக்கு’ என்ற சொல்லை மட்டும் விட்டு, மற்றதைக் காகிதத்தால் மறைத்துக் கேட்டேன். நெடுநேரம் பார்த்துவிட்டு ‘கெக்கு’ என்றான்.

மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்பிவிடுகிறோம். வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும்போது, திணறும் பிள்ளையின் குரல் அதற்குள் மறைந்துவிடும். அதனால் பிள்ளை இதுவரை பார்த்தே இராத நாலு வரியைக் கொடுத்து அவ்வப்போது வாசிக்கச் சொல்லுங்கள்.

‘கெக்கு’ என்றதைக் கவனக்குறைவு என்று திட்டுவதும் தவறுதான். ‘கொ’வில் கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு. காதுக்கு முதலில் வருவதோ ‘க்’. துணைக்கால் வேறு வலப்பக்கம் தனியாக நிற்கிறது. நமக்குப் பழகிப்போனதால் இந்தச் சிக்கல் தெரிவதில்லை. சொல்லை ஒலிகளாகப் பிரித்துச் சேர்ப்பதே கடினமாக இருக்கும் பிள்ளைக்கு அது பெரிய மலை. வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் இந்த ஒலிப் பிரிப்பில்தான் இருக்கிறது என்று பல பத்தாண்டு ஆய்வுகள் சொல்கின்றன.

இதற்கு நாம் கொடுக்கும் மருந்து இம்போசிஷன். அந்தப் பையனின் நோட்டைப் பார்த்தேன். பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று வரிசை வரிசையாக இறக்கியிருந்தான். ஐம்பது தடவை எழுதியும் ஒரு தடவைகூட அந்தச் சொல்லை அவன் வாசிக்கவில்லை. அதற்குப் பதில் ‘க்’கையும் ‘ஒ’வையும் வாயால் சொல்லிச் சேர்க்க வைத்து, பிறகு எழுத்தைக் காட்ட வேண்டும். தினமும் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் விடாமல் செய்ய வேண்டும்.

எழுதுகிறபடியே வாசிக்கும் மொழியில் இந்தக் குறைபாடு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். எழுத்தும் ஒலியும் நன்றாக ஒத்துப்போகும் ஜெர்மனிலும் டிஸ்லெக்சியா உண்டு. அங்கே பிழைகள் குறைவு, வாசிப்புதான் மிக மெதுவாக இருக்கும். ஆகவே பிழையை மட்டும் எண்ணாமல் வேகத்தையும் பாருங்கள்.

‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதுதான் என் கண்ணில் பெரிய தவறு. ஒன்றாம் வகுப்பில் ன, ண குழம்புவது சகஜம், அதற்குப் பெயர் சூட்ட வேண்டாம். ஆனால் ஆறு மாதம் முறையாக உதவியும் நகரவில்லை என்றால் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள். கண்ணையும் காதையும் சோதிப்பது அவசியம். ஆனால் கலர் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் பணம் கொட்டாதீர்கள். டிஸ்லெக்சியாவுக்கு இவை பலன் தரும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2009-லேயே சொல்லிவிட்டது.

வாசிப்பைப் புத்தியோடு முடிச்சுப் போடுவதும் பழைய பழக்கம். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதாகியும் வாசிக்க முடியாத பெர்சி என்ற பையனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். இத்தனை காலத்துக்குப் பிறகும் ‘மக்கு’ என்ற சொல் நம் வாயில் வருகிறது.

அப்புறம், சேட்டை செய்யும் பையன்களை மட்டும் கவனிக்கிறோம். அமெரிக்காவின் கனெடிகட்டில் ஷேவிட்ஸ் குழுவினர் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள் என்று பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் பையன்களே மிக அதிகம். எல்லாப் பிள்ளைகளையும் நேரடியாகச் சோதித்தபோது அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் இருக்கும் பெண்ணையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம் கேட்க அந்தத் தாள் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் அலையாமல், முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.