போதகர் அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

அடக்க ஆராதனையிலோ நினைவுக் கூட்டத்திலோ போதகரின் மனைவியைப் பற்றி வாசிக்கிற குறிப்பு பல நேரம் போதகரின் ஊழிய வரலாறாகவே முடிந்துபோகிறது. எந்தச் சபையில் எத்தனை வருடம், எப்போது இடமாற்றம், எந்த ஆலயம் கட்டப்பட்டது என்று ஓடி, நடுவில் "அம்மா உறுதுணையாக நின்றார்" என்று ஒரு வரி வரும். எழுதி முடித்ததும் அம்மா எழுவாயாக வரும் வாக்கியங்களை அடிக்கோடிட்டு எண்ணுங்கள். பாதிக்கும் கீழே இருந்தால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

முதல் வேலை தேதிகள். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், பிள்ளைகள் பிறந்த வருடங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் சபைப் பதிவேட்டில் வேறொன்றும் இருப்பது பழைய தலைமுறையில் சாதாரணம். குடும்பம் எதைக் கொண்டாடி வந்ததோ அதையே எடுங்கள். வயதைக் கணக்கிடும்போது வருடத்திலிருந்து வருடத்தைக் கழித்தால் மட்டும் போதாது. அந்த வருடப் பிறந்தநாள் வருவதற்கு முன்பே இறந்திருந்தால் ஒன்று குறையும். அச்சடித்த நோட்டீஸில் ஒரு வயதும் வாசிக்கிற குறிப்பில் ஒரு வயதும் வருவது இதனால்தான்.

அடுத்து அவருடைய வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். ஓரங்களில் எழுதிய தேதிகள், முன்பக்கத் தாளில் இருக்கும் பெயர்கள், நடுவில் செருகிவைத்த ஜெபக் குறிப்புச் சீட்டுகள்: அவர் கையாலேயே எழுதிய ஆதாரம் இதைவிட வேறு கிடைக்காது. பெண்கள் கூடுகையின் மினிட்ஸ் நோட்டு இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். யாருடைய அந்தரங்கமாவது அந்தச் சீட்டுகளில் இருந்தால் படித்ததோடு விட்டுவிடுங்கள். போதகர் வீட்டுக் கதவைத் தட்டி அழுதவர்களின் கதை குறிப்பில் பெயரோடும் வரக்கூடாது, பெயரில்லாமலும் வரக்கூடாது. கேட்கிறவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி ஆட்களிடம் கேட்க வேண்டும். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் "அன்பானவர், ஜெபவீராங்கனை" என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்தபோது எங்கே உட்கார்ந்தார், என்ன பேசினார்?" என்று கேளுங்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் தொற்காள் என்ற பெண் இறந்தபோது விதவைகள் அவளைப் புகழ்ந்து பிரசங்கம் செய்யவில்லை. அவள் செய்துகொடுத்த அங்கிகளை எடுத்துக் காட்டினார்கள். இதைவிட நல்ல பாடம் இல்லை. "விருந்தோம்பலில் சிறந்தவர்" என்பது அடைமொழி. "ஆராதனை முடிந்ததும், புதிதாக வந்தவர் எந்தப் பெஞ்சில் இருந்தாரோ அங்கேதான் முதலில் போவார்" என்பது அங்கி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஐந்தாறு பேரிடம் கேட்டால் இப்படி மூன்று தேறும். அந்த மூன்றே போதும்.

பேரப்பிள்ளைகளைத் தனியாக, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் கேளுங்கள். பாட்டி எதற்குத் திட்டுவார் என்று கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும். சபைக்கு அம்மாவாக இருந்தவர் வீட்டில் பாட்டியாக எப்படி இருந்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பவுல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைச் சொல்லும்போது அவனுடைய பாட்டி லோவிசாளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார் (2 தீமோத்தேயு 1:5). பேரன் வாசிப்பதாக இருந்தால் இந்த வசனம் இயல்பாகப் பொருந்தும். குணசாலியான பெண்ணைப் புகழும் நீதிமொழிகள் 31-ஐ எடுத்தால் 10 முதல் 31 வரை 22 வசனங்களையும் வாசிக்காதீர்கள். அவருக்கு உண்மையிலேயே பொருந்தும் இரண்டு போதும்.

அழைக்கும் முறை ஒன்றாக இருக்கட்டும். சபைச் செயலர் வாசித்தால் "அம்மா", பேரப்பிள்ளை வாசித்தால் "பாட்டி". இரண்டு மூன்று பேர் எழுதியதை ஒட்டும்போது "செய்தார்", "செய்தார்கள்" என்று மாறி மாறி வரும். அதையும் ஒருவரே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். பேரப்பிள்ளைகளின் பெயர்களை வயது வரிசையில் எழுதி, மூத்த மகளிடமோ மகனிடமோ காட்டிவிடுங்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வருத்தம் பல வருடம் நிற்கும். சிறுவயதில் இறந்துபோன பிள்ளை உண்டென்றால் சேர்ப்பதா என்று குடும்பத்தாரிடம் கேளுங்கள்; நீங்களாக முடிவெடுக்காதீர்கள். கடைசி நாட்களின் மருத்துவ விவரம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

துக்க நேரத்தில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80, 90 சொற்கள்தான் போகும். ஐந்து நிமிடத்துக்கு 400 சொற்களோடு நிறுத்துங்கள். எழுத்தளவு 16, தாளின் ஒரு பக்கம் மட்டும், பக்க எண் அவசியம். ஒரு வாக்கியம் பக்கம் தாண்டி ஓடக்கூடாது. பழைய புகைப்படம் சேர்ப்பதாக இருந்தால் 600 டிபிஐ (ஸ்கேனரில் தெளிவைக் குறிக்கும் அளவு) வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஃபிளாஷை அணைத்து, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள்.

முந்தின நாளே இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். குரல் எந்த வரியில் உடைகிறது என்று தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் பென்சிலில் ஒரு கோடு போட்டு, அங்கே மூச்சுவிட நிறுத்துங்கள். இன்னொரு பிரதியை முன்வரிசையில் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் தலையசைத்தால் அந்தக் கோட்டிலிருந்து வாசிக்கச் சொல்லிவையுங்கள்.