விடுபட்ட பதக்கத்தை டிடி-214-இல் ஏற்றுவது எப்படி

அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வரும்போது கையில் கொடுக்கும் தாள் டிடி-214. 1950 முதல் இதுதான் நடைமுறை. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய தரைப்படைச் சிப்பாய்களிடம் 53-55 என்ற பழைய படிவம் இருக்கும். மருத்துவம், வீட்டுக் கடன், படை மரியாதையுடன் அடக்கம் என எதற்குப் போனாலும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். பதக்கங்களை எழுதும் கட்டம் இன்றைய படிவத்தில் 13. வியட்நாம் காலத்துப் படிவங்கள் பலவற்றில் 24. அரைகுறையாக நிரப்பப்பட்டிருப்பதும் பெரும்பாலும் அந்தக் கட்டம்தான்.

விடுபடுவதற்குப் பல காரணங்கள். வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் எழுத்தர் கோப்பை முழுக்கப் புரட்டியிருக்க மாட்டார். பதக்க உத்தரவு வருவதற்குள் ஆள் ஊருக்குப் போயிருப்பார். சில சமயம் பதக்கமே பிறகுதான் பிறந்திருக்கும். கொரியா பாதுகாப்புச் சேவைப் பதக்கத்துக்கான சட்டம் வந்தது 2002-இல். ஆனால் 28 ஜூலை 1954 முதல் அங்கே தொடர்ந்து 30 நாள் பணியாற்றியவர்களுக்கும் அது உண்டு. 1970-இல் வெளிவந்தவரின் தாளில் அது எப்படி இருக்கும்?

மனு எழுத உட்காரும் முன் விடுபட்டவற்றை இரண்டாகப் பிரியுங்கள். இதைச் செய்யாததால்தான் பல மனுக்கள் தவறான அலுவலகத்துக்குப் போய்க் கிடக்கின்றன.

முதல் வகை, இருந்தாலே கிடைப்பது. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில் பணியாற்றினார் என்று காட்டினால் போதும். தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம், படைப்பிரிவுக்கே மொத்தமாக வழங்கிய விருதுகள் எல்லாம் இதில் சேரும். வியட்நாம் போன தரைப்படையினர் பலரின் தாளில் விடுபட்டிருப்பது, தென் வியட்நாம் அரசு தந்த பனையோலைச் சின்னத்துடன் கூடிய வீரச் சிலுவைப் படைப்பிரிவு விருது. 1974-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் பொது உத்தரவு, அங்கிருந்த தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் அதை வழங்கிவிட்டது. அதற்குள் பெரும்பாலோர் வீடு திரும்பியிருந்தார்கள்.

இரண்டாம் வகை, உத்தரவு இருந்தால்தான் கிடைப்பது. வெண்கல நட்சத்திரம், வெள்ளி நட்சத்திரம் போன்றவை இதில் வரும். போர்க்காயத்துக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்துக்கு உத்தரவு தொலைந்திருந்தால், எதிரியால் காயம் பட்டது, மருத்துவப் பணியாளர் சிகிச்சை அளித்தார், அது அப்போதே பதிவானது ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். “கூட இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்” என்பது இங்கே செல்லாது.

பிரித்தாயிற்றா? இனி கோப்பை வரவழையுங்கள். செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு, ஆவணம் கேட்கும் எஸ்.எஃப்-180 படிவத்தை அனுப்பலாம், அல்லது அவர்களுடைய இணைய வழியில் கேட்கலாம். முழுப் பணியாளர் கோப்பு வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டிடி-214-இன் நகலே திரும்பி வரும். மருத்துவப் பதிவுகளைத் தனியாகக் கேளுங்கள். கையெழுத்தும் தேதியும் இல்லாத படிவம் அப்படியே திரும்பிவிடும். வீரர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்று கட்டாயம். பணியிலிருந்து விலகி 62 ஆண்டு ஆகாத கோப்பைக் கேட்க மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கே உரிமை உண்டு. பேரன் ஓடியாடி எல்லா வேலையும் செய்யலாம்; கையெழுத்து அம்மாவுடையதாகவோ மாமாவுடையதாகவோ இருக்கட்டும். 62 ஆண்டு கடந்த கோப்புகளை யாரும் கட்டணம் செலுத்தி நகலெடுக்கலாம்.

வியட்நாம் காலத்துச் சிப்பாயின் கோப்பு வந்ததும் முதலில் தேட வேண்டியது டி.ஏ. 20 என்ற தரைப்படைப் பணிப்பதிவு அட்டை. அதில் 38-ஆம் கட்டம் எந்தப் பிரிவில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்று சொல்லும், 40 காயங்கள், 41 பதக்கங்கள். ஒரு பதக்கம் 41-ஆம் கட்டத்தில் இருந்தும் டிடி-214-இல் இல்லை என்றால் வேலை சுலபம்.

38-ஆம் கட்டத் தேதிகளைக் கொண்டு போர்க்கட்ட நட்சத்திரங்களைக் கணக்கிடலாம். பங்கேற்ற ஒவ்வொரு போர்க்கட்டத்துக்கும் சேவைப் பதக்க ரிப்பனில் பதிக்கும் சிறு வெண்கலக் குறி அது. 15 ஜனவரி 1968 முதல் 14 ஜனவரி 1969 வரை வியட்நாமில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் எதிர்த்தாக்குதல் கட்டம் 29 ஜனவரி 1968-இல் முடிகிறது. அதன் வாலைப் பிடித்துவிட்டார். டெட் எதிர்த்தாக்குதல் 30 ஜனவரி முதல் 1 ஏப்ரல் வரை. நான்காம் கட்டம் ஜூன் 30 வரை. ஐந்தாவது நவம்பர் 1 வரை. ஆறாவது நவம்பர் 2-இல் தொடங்கி 1969 பிப்ரவரி வரை. ஆக ஐந்து கட்டங்கள். ஐந்து வெண்கலக் குறிகளுக்குப் பதில் ரிப்பனில் ஒரே ஒரு வெள்ளிக் குறி பதிப்பார்கள். இந்தச் சிறு வெள்ளிக் குறியைப் பார்த்துவிட்டு “அப்பாவுக்கு வெள்ளி நட்சத்திரம் உண்டு” என்று மனுப் போடும் குடும்பங்கள் உண்டு. அது வேறு, இது வேறு. படைப்பிரிவு விருதுகளுக்கு அதே தேதிகளை, தரைப்படை வெளியிட்ட டி.ஏ. பாம்ஃப்ளெட் 672-3 பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு 672-1.

“கோப்பு எரிந்துவிட்டது” என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். 12 ஜூலை 1973 அன்று அந்த மையத்தில் பற்றிய தீயில் 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை வெளியேறிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. விமானப்படையிலும் ஒரு பகுதி போனது. கடற்படை, மரீன் கோப்புகள் தப்பின. படைப்பிரிவுகளின் காலை அறிக்கைகள் எரியவில்லை. யார் வந்தார், யார் போனார், யார் காயமுற்று மருத்துவமனைக்குச் சென்றார் என்பதை நாள்தோறும் எழுதிய தாள்கள் அவை. ரெஜிமென்ட் பெயர் மட்டும் சொன்னால் தேட முடியாது. கம்பெனியின் எழுத்து (ஏ, பி, சி) வரை சொல்லி, காலத்தை ஓரிரு மாதங்களுக்குள் சுருக்கிக் கேளுங்கள். 1942–45, 1950–54 காலத்து மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்புகளும் தனியாகக் கிடைத்திருக்கின்றன. பர்ப்பிள் ஹார்ட் தேடுவோருக்கு இவை பெரும் துணை.

எங்கே அனுப்புவது? பதக்கம் பதிவில் ஏறியிருந்து, பொருள் மட்டும் தொலைந்திருந்தால் எஸ்.எஃப்-180 போதும். செயின்ட் லூயிஸில் சரிபார்ப்பார்கள். தரைப்படைப் பதக்கங்கள் பிலடெல்பியாவிலிருந்து வரும். வீரருக்கும் நெருங்கிய உறவினருக்கும் இலவசம். பதிவே தவறு என்றால் முதலில் அந்தந்தப் படையின் பணியாளர் அலுவலகத்திடம் திருத்தம் கேட்க வேண்டும்: தரைப்படைக்கு ஃபோர்ட் நாக்ஸ், கடற்படைக்கு மில்லிங்டன், விமானப்படைக்கு டெக்சஸின் ராண்டால்ஃப். அங்கே மறுத்தால்தான் ஆவணத் திருத்த வாரியம். எடுத்த எடுப்பில் வாரியத்துக்குப் போனால், “முதலில் அங்கே கேளுங்கள்” என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

வாரியத்துக்கான மனு டிடி-149. தவறைக் கண்டறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் நீதி கருதித் தாமதத்தை மன்னிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கேள்வியை வெறுமையாக விடாமல், எப்போது தெரியவந்தது, எப்படித் தெரிந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். கோரிக்கையை இப்படி எழுதினால் போதும்: “டிடி-214-இன் 24-ஆம் கட்டத்தில் பர்ப்பிள் ஹார்ட் சேர்க்க வேண்டுகிறேன். ஆதாரம்: இணைப்பு 1, டி.ஏ. 20, கட்டம் 40; இணைப்பு 2, அதே வாரத்து மருத்துவக் குறிப்பு.” போர்க்கதை முழுவதும் வேண்டாம். சாட்சிக் கடிதம் இணைத்தால், எழுதியவர் அன்று எந்தப் பிரிவில் இருந்தார், கண்ணால் கண்டாரா, கேள்விப்பட்டாரா என்பது அதில் இருக்கட்டும். மூல ஆவணங்களை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

எவ்வளவு ஆதாரம் இருந்தாலும் தகுதியில்லாத கோரிக்கைகள் சில உண்டு. காலாட்படைப் போர் பேட்ஜ் காலாட்படைப் பணியில் இருந்தவருக்கே. பீரங்கிப் படையில் அதே களத்தில் அதே குண்டுமழையில் நின்றவருக்குக் கிடையாது. இன்றைய விதிப்படி உறைபனிக் காயத்துக்குப் பர்ப்பிள் ஹார்ட் கிடைக்காது. இதற்கு நேர்மாறாக, பலர் கேட்காமலே விட்டுவிடும் உரிமைகளும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர் பேட்ஜோ போர் மருத்துவப் பேட்ஜோ பெற்றவர்கள் அதை வைத்தே வெண்கல நட்சத்திரம் கோரலாம். கடற்படையின் போர்ச் செயல் ரிப்பன் 1969-இல்தான் உருவானது. பின்னர் வந்த சட்டத்தால் 7 டிசம்பர் 1941 வரை பின்னோக்கி நீள்கிறது. யாருமே பரிந்துரைக்காத வீரப் பதக்கம் என்றால் வழி வேறு: நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் பரிந்துரையைச் சமர்ப்பிக்க வேண்டும்.

வாரியங்கள் 18 மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை 10 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவார்கள். எந்தத் தாள் இல்லை என்பது அதில் தெரியும். அதைத் தேடிப் பிடித்து மறுபரிசீலனை கேளுங்கள். பழைய ஆதாரத்தையே மறுபடி அனுப்பிப் பயனில்லை.

ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் புது டிடி-214 வராது. டிடி-215 என்ற திருத்தத் தாள் வரும். இரண்டையும் சேர்த்தே வைத்து, எங்கே காட்டினாலும் சேர்த்தே காட்டுங்கள். பர்ப்பிள் ஹார்ட் சேர்ந்திருந்தால் நகலை முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் கொடுங்கள். சிகிச்சையில் முன்னுரிமைப் பிரிவு 3-க்கு உரிமை வரும். பழைய தாளை மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பதிந்திருந்தால் திருத்தத் தாளையும் பதியலாம், ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். பழைய படிவங்கள் பலவற்றில் சமூகப் பாதுகாப்பு எண் முழுதாக அச்சாகியிருக்கும்.