சிறுவயதில் கசந்த கர்நாடக இசையை இப்போது கேட்டுப் பழகுவது எப்படி?

பெரியவர்களின் கட்டாயத்தால் கச்சேரியில் உட்கார்ந்தவர்களுக்குக் கர்நாடக இசை என்றாலே சொற்களின்றி நீளும் ஆலாபனையும், எப்போது முடியும் என்ற தவிப்பும்தான் நினைவுக்கு வரும். அந்த வெறுப்புக்குப் பெரும்பாலும் இசை காரணமன்று; எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தராமல் மூன்று மணி நேரம் கேட்க வைத்ததே காரணம். ஆகவே முழுக் கச்சேரியை இப்போதைக்கு விட்டுவிட்டு, ஒரே ஒரு ராகத்தில் தொடங்குங்கள்.

மோகனம் அதற்கு மிகவும் ஏற்றது. ச, ரி, க, ப, த என்னும் ஐந்தே ஸ்வரங்களைக் கொண்ட அந்த ராகம், 1988-இல் வெளிவந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தின் 'நின்னுக்கோரி வர்ணம்' பாடல் வழியாகப் பலருடைய காதிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது. அந்தப் பாடலைக் கேட்ட கையோடு மோகன ராக வர்ணமான (வர்ணம் என்பது பெரும்பாலும் கச்சேரியின் தொடக்கத்தில் பாடப்படும் உருப்படி) 'நின்னுக்கோரி'யைக் கேளுங்கள். சில நாள் கழித்து, அதே ராகத்தில் பத்து நிமிடத்துக்கு மேற்படாத ஓர் ஆலாபனையைக் கேளுங்கள். பழகிய மெட்டின் சாயல் அதில் தலைகாட்டும்போது, வெறும் இழுவை என்று தோன்றியது ஒரு ராகத்தின் உருவமாகத் தெரியத் தொடங்கும்.

கைக்கும் வேலை கொடுங்கள். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அடுத்து தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது), தட்டு, வீச்சு என எட்டு எண்ணிக்கை. தாளம் போடுகிறவரின் கவனம் எளிதில் சிதறுவதில்லை.

ஒரு குரல் பிடிக்கவில்லை என்பதற்காக ராகத்தையே கைவிட வேண்டாம். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்கள், அதாவது குரலில் உருளும் ஸ்வரக் கோவைகள், மின்னல் வேகத்தில் பாய்பவை, எம்.டி. ராமநாதனோ தாழ்ந்த சுருதியில், சவுக்க காலம் எனப்படும் மெதுவான நடையில், நிதானமாகப் பாடியவர். இருவரில் ஒருவரேனும் உங்கள் மனத்துக்கு இசைவார்.

அதன்பின் மார்கழியில் சென்னை சபா ஒன்றுக்குப் போய் வரலாம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து வெளியேறுவார்கள், நீங்கள் எழாதீர்கள். தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்து, மிருதங்கத்தின் கோர்வை (நிறைவாக வாசிக்கப்படும் தாளக் கோவை) முடிந்து பாடகர் மீண்டும் பாட்டை எடுக்கும் இடம் உங்கள் கைக்கணக்கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.