காட்டுக்குள் போகாமலேயே தேடுதல் குழுவுக்குக் கை கொடுப்பது எப்படி?

யாரையோ காணோம் என்று செய்தி வந்ததும் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் கால் பரபரக்கும். எனக்கும் முதல் முறை அப்படித்தான். முகாமில் இருந்த அக்கா ஒருவர் என் கையில் பென்சிலைத் திணித்து, "நீங்க இங்கயே உட்காருங்க" என்றார். முகம் தொங்கிப்போனது. விடிவதற்குள் அந்த நாற்காலியை விட்டு எழவே நேரம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். பயிற்சி இல்லாதவர் இருட்டில் இறங்கினால் தேட வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள். அதனால் இங்கே சொல்வதெல்லாம் வெளியிலிருந்து செய்யும் வேலைகள்.

படி 1: என்ன தேவை என்று கேளுங்கள்

தேடுதல் நடக்காத ஒரு நாளில் குழுவுக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் பணம்தான் உதவும். எரிபொருள், வயர்லெஸ் பழுது, காப்பீடு என்று கண்ணுக்குத் தெரியாத செலவுகள் நிறைய. பொருளாகத்தான் தருவேன் என்றால் பேட்டரி தரலாம், ஆனால் அளவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். குளிரில் சாதாரண அல்கலைனைவிட லித்தியம் நன்றாகத் தாங்கும்.

பழைய ஏறுகயிறு மட்டும் வேண்டாம். எப்போது தயாரானது, எத்தனை முறை விழுகையைத் தாங்கியது, எங்கே கிடந்தது என்று ஒவ்வொரு கயிற்றுக்கும் குழு கணக்கு வைத்திருக்கும். நைலான் வெயிலில் வலுவிழக்கும். அமிலம் பட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாமலேயே உள்ளே கெட்டுப்போயிருக்கும். கணக்கில்லாத கயிற்றில் ஆளைத் தொங்கவிட எந்தத் தலைவரும் ஒப்ப மாட்டார்.

படி 2: முகாம் மேசைக்கு முன் உட்காருங்கள்

வருகிற ஒவ்வொருவரின் பெயரும் வந்த நேரமும், கிளம்பும்போது போன நேரமும் எழுத வேண்டும். ஒருவர் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால், அவரையும் தேட ஆள் அனுப்ப வேண்டி வரும்.

அடுத்தது வயர்லெஸ் குறிப்பேடு. இப்படி இருக்கும்:

14.20 – குழு 3 – ஓடைப் பாலம் தாண்டியது
14.35 – குழு 1 – ஒற்றைச் செருப்பு, இடது, நீலம், தொடவில்லை

24 மணி நேரக் கணக்கில் எழுதுங்கள். "மூன்று மணி" என்றால் பகலா இரவா என்று மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தப்பாக எழுதினால் அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். மழை ஈரத்தில் மை கரையும், பென்சில் கரையாது.

இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வந்தால் திருப்பிப் படித்துச் சரிபார்த்தே ஆக வேண்டும். அட்சரேகையில் புள்ளிக்குப் பின் இரண்டாவது இலக்கம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, இடம் ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர் நகர்ந்துவிடும்.

வயர்லெஸில் பேசும்போது பொத்தானை அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். அவசரப்பட்டால் முதல் சொல் விழுங்கப்படும். பல நேரம் அது யாரைக் கூப்பிட்டோம் என்பதாகவே இருக்கும்.

படி 3: காணாமல் போனவரின் வீட்டில்

உங்களை அங்கே துணைக்கு இருக்கச் சொன்னால், எதையும் துவைக்கவோ ஒழுங்குபடுத்தவோ விடாதீர்கள். கவலையில் இருப்பவர்கள் வீட்டைப் பெருக்கத் தொடங்குவார்கள், அது இயல்புதான். ஆனால் மோப்ப நாய்க்கு அவர் மட்டுமே பயன்படுத்திய துணி வேண்டும். அழுக்குக் கூடையில் எல்லோருடைய வாடையும் கலந்திருக்கும். தலையணை உறை இருந்தால் நல்லது, அதையும் நாயின் பயிற்றுநரே வந்து எடுக்கட்டும்.

படி 4: நீங்களே காணாமல் போங்கள்

எனக்குப் பிடித்த வேலை இது. பயிற்சி நாளில் நாய்கள் கண்டுபிடிக்க யாராவது ஒளிந்திருக்க வேண்டும். சொன்ன இடத்தில், சொன்ன நேரம் வரை அசையாமல் கிடப்பதுதான் மொத்த வேலையும். போன் சத்தம் கூடாது. கீழே விரிக்க ஒரு பாய், கூடுதலாக ஒரு சட்டை, தண்ணீர், விசில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை புதருக்குள் கிடந்தேன். எறும்பு கழுத்தில் ஏறுகிறது, தட்டிவிடவும் தயக்கம். தூரத்தில் கழுத்துமணி கேட்டது. நாய் நேராக என்னிடம் வரவில்லை. காற்று என்னைத் தாண்டி வீசிப்போகும் பக்கம் போய், இடமும் வலமுமாக வளைந்து வளைந்து நெருங்கியது. ஈர மூக்கு ஒன்று என் காதில் இடித்தது. அடுத்த நொடி பயிற்றுநரை நோக்கி ஓடிப்போய், அவரை இழுக்காத குறையாகக் கூட்டிவந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தேன். கொஞ்சுவதோ பந்து கொடுப்பதோ பயிற்றுநர் சொன்ன பிறகுதான்.

படி 5: தேடல் முடிந்த பிறகு

நல்ல முடிவோ கெட்ட முடிவோ, படமோ இடமோ யாருக்கும் அனுப்பாதீர்கள். குடும்பத்துக்குச் செய்தி சொல்ல ஒருவர் இருப்பார், அவர் சொல்லட்டும்.

ஆட்கள் கலைந்ததும்தான் உண்மையில் கை தேவைப்படும். வயர்லெஸ்களைச் சார்ஜில் போட வேண்டும், நனைந்த கயிற்றை நிழலில் உலர்த்த வேண்டும், முதலுதவிப் பையில் தீர்ந்ததை நிரப்ப வேண்டும். அடுத்த அழைப்பு அன்று இரவே வரலாம். தூக்கம் கண்ணைச் சொருகினால் வண்டி எடுக்காமல் அங்கேயே கொஞ்சம் படுத்துவிடுங்கள். அப்புறம், கிளம்பும்போது மேசையில் போன நேரத்தை எழுதிவிட்டுப் போங்கள்.