படம் வரும் இடத்தில் பிளேபேக் உறைந்தால்

குன்னூரில் மலை ரயில் காணொளி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, நிலையப் பெயர்ப்பலகையின் படம் வரும் நொடியில் மட்டும் பிளேபேக் உறைந்து நின்றது. இப்படி நேர்ந்தால், முதலில் அந்தப் படத்தை மட்டும் டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) முடக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தடங்கல் மறைந்தால் கோளாறு படத்தில்தான். 6000×4000 பிக்சல் படத்தில் 1920×1080 சட்டகத்தைவிட ஏறத்தாழ 12 மடங்கு புள்ளிகள் இருப்பதால், டைம்லைனில் ஸ்கேலை (காட்டும் அளவை) குறைத்தாலும் மென்பொருள் முழுப் படத்தையும் சுமக்க நேரிடலாம். ஆகவே கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் சிறிதாக்கிச் சேமித்த பிறகே இறக்குமதி செய்யுங்கள் (ஜூம் செய்வதாக இருந்தால் சட்டகத்தின் இருமடங்கு அளவு வைத்துக்கொள்ளலாம்). அச்சகத்திலிருந்து வந்த கோப்பு சி.எம்.ஒய்.கே. எனும் அச்சு நிறமுறையில் இருக்கக்கூடும்; அதைத் திரைக்கான ஆர்.ஜி.பி. நிறமுறைக்கு மாற்றுங்கள். பின்னாலுள்ள காட்சி ஊடே தெரிய வேண்டிய லோகோவாக இருந்தால், ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். அதன் பிறகும் பழைய பிழையே காட்டினால், மீடியா கேஷை (மென்பொருள் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் கோப்புகளை) அழித்துவிட்டு மென்பொருளை மறுபடி திறக்கவும்.