நார்த் மெட்ராஸ்ல நம்ம முன்னோர தேடுறது எப்படி: கோயில், கல்லறை, ஆபீஸ் ரெக்கார்டு

குடும்ப வரலாறு தேடணும்னு கிளம்புற எல்லாரும் முதல்ல தாத்தா பேர ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு அந்தப் பேரையே தேடுவாங்க. நார்த் மெட்ராஸ்ல அது வேலைக்கு ஆவாது. இங்க ஒரே ஆளுக்கு கோயில் ரிஜிஸ்டர்ல (சர்ச்சையும் நாங்க கோயில்னுதான் சொல்வோம்) ஒரு பேரு, வீட்டுல கூப்புட்ற பேரு ஒண்ணு, ஹார்பர்லயோ பின்னி மில்லுலயோ வேலைக்கு சேரும்போது எழுதினது ஒண்ணு, ரேஷன் கார்டுல வேற ஒண்ணு. அதனால பேர புடிச்சு போகாதீங்க, இடத்த புடிச்சு போங்க. எந்தத் தெருவுல இருந்தாங்க, எந்த ஆஸ்பத்திரில பிரசவம், எந்தக் கோயில்ல கல்யாணம், எங்க அடக்கம் பண்ணாங்க, இந்த நாலும் தெரிஞ்சா எந்த ஆபீஸ்ல எந்த ரிஜிஸ்டர பாக்கணும்னு தெரிஞ்சிடும்.

மொத வேலை வீட்டுல இருக்கற பெரியவங்க கிட்ட உக்காந்து கேக்கறது. இத மட்டும் தள்ளிப் போடாதீங்க, ரிஜிஸ்டர் அடுத்த வருஷமும் இருக்கும், ஆயா இருப்பாங்களான்னு சொல்ல முடியாது. "எந்த வருஷம்"னு கேட்டா யாருக்கும் தெரியாது, அதனால ஊருக்கே தெரிஞ்ச சம்பவத்த வச்சு கேளுங்க. எம்ஜிஆர் செத்தப்ப (1987 டிசம்பர்) உங்க மாமியார் இருந்தாங்களா, பின்னி மில்ல மூடினப்ப (1996) தாத்தா வேலைல இருந்தாரா ரிடையர் ஆயிட்டாரா, இப்படி. ரொம்ப வயசானவங்கன்னா 1942 பத்தி கேளுங்க, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு அந்த ஏப்ரல்ல பட்டணத்து ஜனம் பெரும்பாலும் வீட்ட பூட்டிட்டு ஊருக்கு ஓடுச்சு, அந்த சமயத்துல பொறந்த குழந்தை மெட்ராஸ் ரெக்கார்டுல இருக்காது, பொன்னேரி பக்கமோ செங்கல்பட்டு பக்கமோ சொந்த ஊர்ல பதிஞ்சிருக்கும்.

அப்புறம் பீரோ, பரண், டிரங்கு பெட்டி. பைபிள் முதல் பக்கத்துல பசங்க பொறந்த தேதி எழுதி வச்சிருப்பாங்க. கல்யாண பத்திரிகை, கருமாதி பத்திரிகை, பள்ளிக்கூட டிசி, பென்ஷன் புக் எல்லாத்தையும் எடுங்க. பர்மால இருந்து வந்த குடும்பம்னா (வியாசர்பாடி பக்கம் நிறைய பேரு) கப்பல்ல வந்து எறங்கின சமயத்து அட்டை, பேப்பர் எதுவா இருந்தாலும் கண்ணு மாதிரி வச்சுக்கோங்க. யாரும் மதிக்காத ஒரு பொருள் இருக்கு, மொய் நோட்டு. பழைய கல்யாண மொய் நோட்டுல யார் யாரு, எந்த ஊரு, எவ்ளோ எழுதினாங்கன்னு வரிசையா இருக்கும், தாய்மாமன் சீர் தனியா எழுதியிருக்கும், ஒரே நோட்டுல ரெண்டு பக்க சொந்தமும் ஊரோட வந்துடும். டிசில இருக்கற பிறந்த தேதிய மட்டும் அப்படியே நம்பாதீங்க, ஸ்கூல்ல சேர்க்கறதுக்காக வாத்தியாரு வசதிக்கு போட்ட தேதி அந்தக் காலத்துல சகஜம்.

இப்ப கோயில். கத்தோலிக்க குடும்பம்னா ராயபுரம் ராயப்பர் கோயில், பாரிஸ் (பாரிமுனை) அந்தோணியார் கோயில்னு சொல்றோமே ஆர்மேனியன் தெரு மாதா கோயில், பெரம்பூர் லூர்து மாதா கோயில், இப்படி தாத்தா எந்த பங்குல (ஒரு சர்ச்சும் அதுக்கு கீழ வர்ற ஏரியாவும்) இருந்தாருன்னு கண்டுபிடிங்க. உங்க தெருவுக்கு இப்ப இருக்கற கோயில் பின்னாடி பிரிஞ்சு வந்ததா இருக்கலாம், அதனால ஆபீஸ்ல கேக்க வேண்டிய மொத கேள்வி: இந்த பங்கு எப்ப ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி எந்த பங்குக்கு கீழ இருந்துது? பழைய ரிஜிஸ்டர் தாய்ப் பங்குலதான் இருக்கும். இன்னொண்ணு, 1952 வரைக்கும் இங்க மெட்ராஸ் மறைமாவட்டம் வேற, மயிலாப்பூர் மறைமாவட்டம் வேற, அப்புறம்தான் சேத்தாங்க, அதனால பங்குல கிடைக்கலன்னா சாந்தோம்ல இருக்கற பேராயர் இல்லத்துல விசாரிக்கும்போது பழைய பங்கு எதுக்கு கீழ இருந்துதுன்னு சொன்னா வேலை சுலபம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம்னா சிஎஸ்ஐயே 1947 செப்டம்பர்லதான் பொறந்துது, அதுக்கு முன்னாடி ஆங்கிலிகன், வெஸ்லியன், ஸ்காட்லாந்து மிஷன்னு தனித்தனி, அதனால தாத்தா காலத்து ரெக்கார்டு எந்த மிஷன் கைல இருந்துதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.

ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு போய் ஃபாதர நிறுத்தி கேக்காதீங்க, தவசு காலம் (ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள்), கிறிஸ்துமஸ் சமயமும் வேணாம். வாரநாள்ல போங்க, கைல ஒரு லெட்டர் எழுதிட்டு போங்க, அதுல உங்க பேரு, தேடுற ஆளுக்கு நீங்க என்ன உறவு, தோராயமா எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், தகப்பன் பேரு, தாய் பேரு. பத்து வருஷத்துக்கு மேல கேட்டா யாரும் புரட்டி பாக்க மாட்டாங்க. பழைய உபதேசியார் (கோயில்ல ஞானோபதேசம் சொல்லிக் குடுக்கறவர்) யாராவது இருந்தா அவர முதல்ல புடிங்க, எந்த ரிஜிஸ்டர் எந்த அலமாரியில இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். ரிஜிஸ்டர கேக்காம போட்டோ எடுக்காதீங்க, ஒரு காணிக்கை போடுங்க, சர்டிபிகேட் குடுத்தா சந்தோஷம், அதுக்கு மேல அந்த பக்கத்த ஒரு தடவ கண்ணால பாக்க கேளுங்க. ஏன்னா சர்டிபிகேட்ல பேரு, தேதி, அப்பா அம்மா வரும், பக்கத்துல இருக்கற பாதி விஷயம் வராது.

ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல ஒரு வரிய எப்படி படிக்கணும்னு சொல்றேன். இடது பக்கம் நம்பர், அப்புறம் ஞானஸ்நான தேதி, பொறந்த தேதி, பேரு, தகப்பன், தாய், எங்க இருக்காங்க, ஞானத்தகப்பன், ஞானத்தாய், கடைசில சாமியார் கையெழுத்து. ஞானத்தகப்பன் ஞானத்தாய விட்டுடாதீங்க, அது பெரும்பாலும் சித்தப்பாவோ அத்தையோ தாய்மாமனோதான், அடுத்த கிளைக்கு வழி அங்கதான் இருக்கு. ஓரத்துல வேற மை கலர்ல பொடியா ஒண்ணு எழுதியிருக்கா பாருங்க. கத்தோலிக்க சட்டப்படி 1908-ல இருந்து ஒருத்தர் கல்யாணம் பண்ணா அந்த விவரத்த அவங்க ஞானஸ்நானம் வாங்கின பங்குக்கு அனுப்பி ஓரத்துல எழுதணும், அதனால ராயபுரத்துல பொறந்த பொண்ணு கோலார் தங்கவயல்ல வாக்கப்பட்டு போயிருந்தாலும் ராயபுரம் ரிஜிஸ்டர் ஓரத்துல யாரு, எங்க, எப்பன்னு இருக்க சான்ஸ் இருக்கு. கல்யாண ரிஜிஸ்டர்ல சாட்சி பேரு இருக்கும், ஓலை வாசிச்ச (கல்யாணத்துக்கு முன்னாடி கோயில்ல அறிவிச்ச) விவரம் இருக்கும், மாமா பொண்ணு அத்த பையன்னு முறைல கட்டியிருந்தா அதுக்கு டிஸ்பென்சேஷன் (திருச்சபை குடுக்கற விசேஷ அனுமதி) வாங்கியிருப்பாங்க, எந்த அளவு சொந்தம்னு அதுலயே குறிச்சிருக்கும். ஒரே வரில ரெண்டு தலைமுறை உறவு தெளிவாயிடும், எனக்கு இத விட பெரிய புதையல் எந்த ஆபீஸ்லயும் கிடையாது.

பழைய ரிஜிஸ்டர் லத்தீன்ல இருந்தா பயப்படாதீங்க, அங்க பெத்ருஸ்னு இருக்கறவர்தான் வீட்டுல ராயப்பன், பவுலுஸ்னா சின்னப்பன், யோவான்னஸ்னா அருளப்பன், யோசேப்புஸ்னா சூசை, யாகோபுஸ்னா யாகப்பனோ சந்தியாகுவோ, அலோய்சியுஸ்னா ஞானப்பிரகாசம். இந்தப் பட்டியல கைல வச்சுக்கிட்டு போங்க, இல்லன்னா கண்ணு முன்னாடி இருக்கற ஆளையே "கிடைக்கல"ன்னு விட்டுட்டு வந்துடுவீங்க.

முஸ்லிம் குடும்பம்னா ஜமாஅத்ல நிக்காஹ் தஃப்தர் (கல்யாண ரிஜிஸ்டர்) இருக்கும், அங்கயும் இதே மாதிரி லெட்டர், தோராய வருஷம், மரியாதையா கேக்கறது.

மாநகராட்சி ரெக்கார்டுக்கு வருவோம். பிறப்பும் இறப்பும் நடந்த இடத்துல பதிவாகும், குடியிருந்த இடத்துல இல்ல. இத புரிஞ்சுக்காமதான் பாதி பேரு அலையுறாங்க. கொருக்குப்பேட்டைல குடியிருந்தாலும் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரில பிரசவம்னா ராயபுரம் மண்டலத்துலதான் இருக்கும், ஸ்டான்லி ஆஸ்பத்திரில செத்திருந்தாலும் அங்கதான். தலைப்பிரசவம் தாய் வீட்டுலன்னு நம்ம வழக்கம், அதனால மூத்த புள்ளையோட பிறப்பு மட்டும் ஆயாவோட பொறந்த ஊர்ல இருக்கும், மீதி பசங்க எல்லாம் மெட்ராஸ்ல இருக்கும். மூத்தவர் மட்டும் கிடைக்கலன்னா ஆயா ஊருக்கு போங்க, அப்படியே ஆயா குடும்பத்து ரெக்கார்டும் கிடைக்கும். திருவொற்றியூர், கத்திவாக்கம், மாதவரம், மணலி எல்லாம் 2011-லதான் சென்னை மாநகராட்சில சேந்துது, அதுக்கு முந்தினது அந்தந்த நகராட்சி, உள்ளாட்சி ரிஜிஸ்டர், அத இப்ப எந்த மண்டல ஆபீஸ் வச்சிருக்குன்னு கேட்டுட்டு போங்க. திருவொற்றியூர் நிலம், ரெவின்யூ விஷயம்னா இன்னும் சுத்தல், முன்ன செங்கல்பட்டு மாவட்டம், 1997-ல திருவள்ளூர், 2018-ல சென்னை.

மாநகராட்சி வெப்சைட்ல பிறப்பு இறப்பு சர்டிபிகேட் இலவசமா டவுன்லோட் பண்ணலாம். தேதியும் ஆணா பொண்ணான்னும் போட்டு தேடுங்க. பழைய பதிவுல குழந்தை பேரே இருக்காது, பொறந்த உடனே பதிஞ்சது, அப்ப பேரு வைக்கல, அதனால அப்பா அம்மா பேர வச்சுதான் கண்டுபிடிக்கணும். ஆன்லைன்ல இல்லன்னா நேர்ல எழுதி குடுங்க, 1969 பிறப்பு இறப்பு பதிவு சட்டத்துலயே தேட சொல்லி நகல் கேக்க யாருக்கும் வழி இருக்கு. இறப்பு நகல்ல எதனால செத்தாங்கன்னு மட்டும் வராது. தேடியும் இல்லன்னா "பதிவு இல்லை"ன்னு எழுத்துல வாங்குங்க, அடுத்த ஆபீஸ்ல அது உதவும். பதிவு சட்டம் 1899-லயே மெட்ராஸ் மாகாணத்துல இருந்துது, ஆனா வீட்டுல பொறந்தவங்கள நிறைய பேரு பதியவே இல்ல, அதனால அந்தத் தலைமுறைக்கு கோயில் ரிஜிஸ்டரும் கல்லறையும்தான் துணை.

கல்லறைன்னா நம்ம பக்கம் காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை செயின்ட் ரோக்ஸ், இந்து குடும்பம்னா மூலக்கொத்தளம், ஓட்டேரி. மூலக்கொத்தளத்துலதான் 1939-ல இந்தி எதிர்ப்புல செத்த தாளமுத்து, நடராசன் ரெண்டு பேரோட நினைவிடம் இருக்கு, தெரியாதவங்க அப்படியே ஒரு நிமிஷம் அங்கயும் நில்லுங்க. முதல்ல கல்லறை ஆபீஸ்ல அடக்க ரிஜிஸ்டர கேளுங்க, கல்லு இல்லாத குழிக்கும் பதிவு இருக்கும், ஒரே குழிய குடும்பமே திரும்ப திரும்ப தொறந்திருந்தா கல்லுல கடைசி ஆள் பேரு மட்டும்தான் இருக்கும், மீதி பேரு ரிஜிஸ்டர்ல. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு கண்டிப்பா போங்க, அன்னிக்கு வெள்ளையடிச்சு பூ வச்சு மெழுகுவத்தி ஏத்த எல்லா கிளையும் வரும், பக்கத்து குழிக்கு வர்றவங்க கிட்ட பேச்சு குடுத்தா அவங்க உங்க தாத்தாவோட பங்காளியா இருப்பாங்க.

கல்லு எழுத்து தேஞ்சு போயிருந்தா சுண்ணாம்பு, சாக்பீஸ், கம்பி பிரஷ் எதையும் வைக்காதீங்க, கல்லு போயிடும். சாதா தண்ணி தெளிச்சு மெதுவா துடைங்க, காலைல இல்ல சாயங்காலம் வெயில் சாஞ்சு விழும்போது போட்டோ எடுங்க, நிழல் விழுந்தா டார்ச்ச பக்கவாட்டுல கல்ல ஒட்டி புடிங்க, குழி விழுந்த எழுத்துல நிழல் சேந்து தானா தெரியும். கல்லு முழுசா ஒரு படம், எழுத்து மட்டும் ஒரு படம், பக்கத்து கல்லுங்களோட ஒரு படம். பழைய கல்லுலயும் பத்திரத்துலயும் 1897௵ ஆகஸ்டு௴ 12௳ மாதிரி எழுதியிருந்தா ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி. ௸ பாத்தா "மேற்படி". ஹேவிளம்பி வருஷம்னு மட்டும் இருந்தா அது அறுபது வருஷத்துக்கு ஒருக்க வரும், 1897-ம் இருக்கலாம் 1957-ம் இருக்கலாம், பக்கத்துல இருக்கற மத்த பேர வச்சு எதுன்னு முடிவு பண்ணுங்க.

பெரம்பூர், ராயபுரம் ரயில்வே ஆங்கிலோ இந்தியன் குடும்பங்களுக்கு ஒரு தனி வழி இருக்கு. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் விவரம் 1698-ல இருந்து நகல் எடுத்து லண்டனுக்கு போயிருக்கு, இப்ப பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு, ஃபைண்ட்மைபாஸ்ட் வெப்சைட்ல காசு கட்டி பாக்கலாம், ஃபிபிஸ் (பிரிட்டிஷ் இந்தியா குடும்ப வரலாறு சங்கம்) சைட்ல இலவசமாவே தேடலாம். வெள்ளக்காரங்க, ஆங்கிலோ இந்தியன்தான் அதுல அதிகம், நம்ம ஆளுங்க பேரும் அங்கங்க வரும்.

வீடு நிலம் இருந்த குடும்பம்னா பத்திரம். பதிவுத்துறை வெப்சைட் டிஎன்ரெஜிநெட்ல ஈசி (வில்லங்கச் சான்று) பாத்து டாகுமெண்ட் நம்பர எடுத்துக்கோங்க, அதுக்கும் பழசுன்னா ராயபுரம், செம்பியம், திருவொற்றியூர் சார்பதிவாளர் ஆபீஸ்ல நேர்ல மனு போடணும். பாகப்பிரிவினை பத்திரத்துல அண்ணன் தம்பி எல்லாரும் தகப்பன் பேரோட வருவாங்க, அதான் முக்கியம். சென்னைல டோர் நம்பர் மாறிக்கிட்டே இருந்துது, பழைய எண் புது எண் ரெண்டையும் எழுதிக்கோங்க, கதவு நம்பர விட சர்வே நம்பர நம்பலாம். உயில் எழுதின குடும்பம்னா ஹைகோர்ட்ல புரொபேட் (உயில கோர்ட் உறுதி பண்றது) வாங்கியிருப்பாங்க, அந்த மனுல வாரிசு பட்டியல் முழுசா இருக்கும். 2002, 2005 வோட்டர் லிஸ்ட் தேர்தல் கமிஷன் சைட்ல கிடைக்குது, வீட்டு நம்பரோட ஒரே வீட்டுல யார் யாரு இருந்தாங்க, யாருக்கு யாரு அப்பா, யாரு புருஷன்னு பாத்துடலாம், தொகுதி எல்லை அப்ப வேற, தெரு பேர வச்சு தேடுங்க. எழும்பூர் ஸ்டேஷன் எதிர்ல இருக்கற ஆவணக் காப்பகம் 1909-ல ஆரம்பிச்சது, அங்க கடைசியா போங்க, என்ன தேடுறோம்னு தெளிவா தெரியாம போனா ஒரு நாள் வீணாயிடும்.

எத பாத்தாலும் எந்தக் கோயில், எந்த ரிஜிஸ்டர், வருஷம், பக்கம், நம்பர்னு அங்கயே எழுதிடுங்க, "சித்தி சொன்னாங்க"ன்னா அதையும் சித்தி சொன்னதுன்னே எழுதுங்க. ரெண்டு இடத்துல ஒத்துப் போனாத்தான் மரத்துல பேனால ஏத்தணும், அதுவரைக்கும் பென்சில். அப்புறம் குடும்ப வாட்ஸாப் குரூப்ல போடும்போது செத்தவங்க விவரம் மட்டும் போடுங்க, உயிரோட இருக்கறவங்க பிறந்த தேதி, ஆதார், டிசி படம் எதையும் போடாதீங்க.