நிலக்கடலை தண்டழுகலுக்கு டிரைக்கோடெர்மா: விதைப்பதற்கு முன்பே தொடங்குங்கள்

வாடி நிற்கும் கடலைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டின் அடியில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போன்ற உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது தண்டழுகல். அந்த உருண்டைகள் மண்ணிலேயே கிடந்து அடுத்த பருவத்திலும் முளைக்கும். வாடிய செடியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அதனால்தான் டிரைக்கோடெர்மா விரிடியை விதையோடே மண்ணுக்குள் அனுப்ப வேண்டும் என்கிறேன். இந்த நன்மை செய்யும் பூஞ்சை, நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றிக்கொண்டு அதன் சுவரைக் கரைத்து உண்கிறது.

பாக்கெட்டில் இருப்பது உயிர். இதை மறந்துதான் முதல் வருடம் தகரக் கொட்டகையில் கோடை முழுவதும் வைத்திருந்து வீணாக்கினேன். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள், நான்கு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கும்.

முதலில் விதை நேர்த்தி. கிலோ விதைக்கு 4 கிராம். ஏக்கருக்கு வேண்டிய 50 கிலோ பருப்புக்கு 200 கிராம் போதும். நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியைப் பருப்பின் மேல் லேசாகத் தெளித்து, தூளைத் தூவி, சாக்கில் போட்டு மெதுவாக உருட்டுங்கள். கையால் அழுத்தித் தேய்த்தால் சிவப்புத் தோல் உரிந்துவிடும், உரிந்த பருப்பு முளைப்பது சந்தேகம். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். பூஞ்சாணக் கொல்லி கலந்த விதைக்கு இது வேண்டாம். கார்பன்டசிம் இந்தப் பூஞ்சையையும் கொன்றுவிடும்.

அடுத்தது மண்ணுக்கு. விதைப்பதற்கு 15 நாள் முன்பே, மரநிழலில் 100 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு 1 கிலோ தூளைக் கலந்து நீர் தெளியுங்கள். ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரச் சாக்கால் மூடி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். பச்சை படிந்தால் பூஞ்சை பெருகியிருக்கிறது என்று பொருள். மக்காத சாணத்தில் இதைச் செய்யாதீர்கள், அதன் சூடு பூஞ்சையைத் தாக்கும்.

கடைசி உழவின்போது, மண்ணில் ஈரம் இருக்கும் மாலை நேரத்தில், ஒரு ஏக்கருக்கு இதைத் தூவி மூடிவிடுங்கள். இதன் பிறகும் எங்காவது செடி வாடினால், அடிமண்ணோடு அள்ளி வயலுக்கு வெளியே எரியுங்கள். எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.